மகேசன் கட்டிய தேசிக்காய்

ஜூன் மாதத்துக் காலை, மணி ஏழுகூட ஆகவில்லை. ஓக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் தன் வீட்டுக் குசினியில் நின்று மகேசன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் நிலானி.

"மாமா, கார் நிண்டிட்டுது. சுரங்கத்துக்குள்ளை நிக்கிறன். முன்னாலை ஒரே புகை மாமா..."

அவ்வளவுதான். ஒரு லொறியின் ஹோர்ன் காதைக் கிழித்தது. அதற்கு மேலே அவளுடைய மகள் சிந்துவின் அலறல். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மகேசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். வோட்டர்வியூ மோட்டார்வேச் சுரங்கப்பாதை என்றால் சும்மாவா? அந்த நேரத்தில் மேற்கே வேலைக்கு ஓடுகிற சனமெல்லாம் எண்பதில் பறக்கிற இடம். பதினெட்டு வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர் அவர். அதற்குள் ஒரு சின்னக் கார் நின்றால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான் என்று அவருக்கு யாரும் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. "முருகா, முருகா" என்றபடி திருப்பித் திருப்பி அடித்தார். மனைவி புஷ்பவதி அடுப்பை அணைத்துவிட்டு, கையில் அகப்பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து நிலானியே திரும்ப அழைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சுரங்கத்தைக் கமராவில் பார்க்கிறவர்கள் அந்த லேனுக்கு மேலே சிவப்புக் குறி போட்டு மறித்துவிட்டார்களாம். ஆனால் மறிப்பதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய லொறி கடைசி நொடியில் ஒடித்து, பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. சிந்து இருந்த பக்கத்துக் கண்ணாடி. சிந்துவுக்கு நாலு வயது.

"தாத்தா, த ட்ரக் வாஸ் சோ பிக்" என்றாள் சிந்து, போனைப் பறித்து.

மகேசன் போனை வைத்தார். வைத்ததும் அந்தப் பயம் முழுவதும் அப்படியே கோபமாக மாறியது. "உந்தக் கராஜ்காரன் பழனிசாமியை இண்டைக்கு நான் சும்மா விடமாட்டன்" என்றார்.

புஷ்பவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் அகப்பையைக் கழுவப் போய்விட்டாள். அதை அவர் கவனிக்கவில்லை.

மகேசன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய கோபம் உங்களுக்கு விளங்காது. அறுபத்தொரு வயது. நல்ல மனிதர், சும்மா சொல்லக் கூடாது. யாருக்காவது வீடு மாற வேண்டுமென்றால் கட்டிலைத் தூக்க முதல் ஆளாக நிற்பார். நிலானியின் புருஷன் பிருந்தன் விசாவுக்காகக் கொழும்பில் காத்துக் கிடக்கிறான். அவன் வரும்வரை அவளுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறவரும் இவர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அவருக்கு இருந்த பெயர் வேறு. மாமாவின் புது உழவு இயந்திரத்தை முதன்முதல் ஸ்டார்ட் பண்ணியவர் மகேசன். மூன்றாம் நாள் அது கிணற்றுக்குள் கிடந்தது. சித்தப்பாவின் கடைத் திறப்புக்கு விளக்குக் கொளுத்தியவர் மகேசன். அந்த மாதமே ஊர் இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தது சண்டையால். சண்டையைத் திட்டினால் சண்டைக்குக் கேட்குமா? சனம் மகேசனைத் திட்டியது. அவன்ர கை பட்டால் ஒண்டும் துலங்காது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். கலியாண வீட்டில் அவர் வருகிறதைக் கண்டு நிறைகுடத்தை உள்ளே நகர்த்தியவர்களும் உண்டு.

அந்தக் கையோடுதான் அவர் ஓக்லாந்துக்கு வந்து இறங்கினார். எல்லர்ஸ்லியில் ஒபிஸ் ஒபிஸாகக் குப்பை அள்ளினார், பிறகு பஸ் லைசென்ஸ் எடுத்தார். வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனபிறகு பிரதாபன் என்கிற சிநேகிதன் ஒரு வான் வாங்கினான். கோயிலில் பூசை முடிந்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயை வைத்து நசித்து, முன்னுக்குத் தேசிக்காயும் மிளகாயும் கட்ட வேண்டிய நேரத்தில் ஐயர் அடுத்த பூசைக்குப் போய்விட்டார். "அண்ணை, நீங்கள் கட்டிவிடுங்கோ" என்றான் பிரதாபன். மகேசன் தயங்கித் தயங்கித்தான் கட்டினார். மூன்று கிழமைக்குப் பிறகு மவுண்ட் வெலிங்டனுக்குக் கிட்ட மோட்டார்வேயில் ஏழு வாகனம் ஒன்றோடொன்று அடிபட்டது. நடுவில் அகப்பட்ட பிரதாபனின் வானில் ஒரு கீறல் இல்லை.

"மகேசன் அண்ணைக்குக் கைராசி!" என்றான் பிரதாபன், கோயில் வாசலில், நாலு பேர் கேட்க.

அன்றைக்கு மகேசன் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். நாற்பத்தாறு வயது மனிதன். புஷ்பவதி கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அதற்குப் பிறகு தமிழ்ச் சனம் கார் வாங்கினால் தேசிக்காய் கட்ட மகேசன்தான். பாட்டனி டவுன்ஸிலிருந்தெல்லாம் புதுக் காரை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இவர் குளித்து, திருநீறு பூசி, தன் வீட்டுச் சாடியில் வளர்கிற தேசி மரத்தில் ஒரு காய் ஆய்ந்து, ஏழு பச்சை மிளகாய் கோத்து வைத்திருப்பார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓக்லாந்து மழை ஒருநாளைக்கு நாலு தரம் வரும். நூல் உக்கி, தேசிக்காய் நடு ரோட்டில் விழுந்துவிடும். விழுந்தால் அபசகுனம். மகேசன் யோசித்தார், கட்டுக்கம்பியைக் கண்டுபிடித்தார். கம்பியைக் காரின் முன்பக்கச் சல்லடையான கிரிலுக்கு உள்ளே விட்டு, உள்ளே இருக்கும் சட்டத்தைச் சுற்றி, குறட்டால் மூன்று முறுக்கு முறுக்குவார். வெட்டிய முனை ஊசி மாதிரி நிற்கும். சின்னப் பிள்ளைகள் கை வைத்தால் கிழித்துவிடும் என்று அந்த முனையை உள்பக்கமாக வளைத்து விடுவார். அவருடைய கட்டை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லலாம். மூன்று முறுக்கும் உள்ளே ஒரு வளைவும்.

நிலானியின் வெள்ளை டெமியோவுக்கும் அப்படித்தான் கட்டினார். அவள் கார் வாங்கியது போன வருடம். இந்தப் பெப்ரவரியில் காருக்குக் கீழே பச்சையாக ஒரு குளம் தேங்கியது. எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட். பழனிசாமியின் கராஜுக்குக் கொண்டுபோனாள். பழனிசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், ரோஸ்கில்லில் சின்னதாக ஒரு வேலைத்தளம் வைத்திருக்கிறவன். ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை, கல் அடித்திருக்கும் என்று சொல்லி வேறு ரேடியேட்டர் போட்டுக் கொடுத்தான். கார் திரும்பி வந்ததைப் பார்க்க மகேசன் போனார். பார்த்தவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தன் கம்பியைக் காணவில்லை! தேசிக்காயை யாரோ கிரிலுக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டியால் கட்டியிருந்தார்கள்.

"சாமிக் காரியத்துக்குப் பிளாஸ்டிக்கோ? என்ன விசர் வேலை இது!" என்று அந்த இடத்திலேயே பட்டியை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் காயெடுத்து, கம்பியால் கட்டினார். முன்பைவிட இறுக்கமாக.

ஏப்ரலில் மறுபடியும் பச்சைக் குளம். மறுபடியும் ரேடியேட்டர். மறுபடியும் பிளாஸ்டிக் பட்டி. இந்தமுறை பழனிசாமி நிலானியிடம், "இது இப்படியே இருக்கட்டும்மா, மாத்திராதீங்க" என்று சொல்லியும் விட்டிருக்கிறான். இதைக் கேட்டதும் மகேசனுக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. கார் மறுபடியும் பழுதாக வேண்டும், தன்னிடமே திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே ஒருவன் காவலைக் கழற்றுகிறான்! அன்றே கம்பியைக் கட்டினார். வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்று, பழனிசாமி கள்ளன், வேலை தெரியாதவன், தனியாக இருக்கிற பொம்பிளைப் பிள்ளையை ஏமாற்றுகிறான் என்று ஒரு பிளேட் சாதம் முடியும்வரை சொன்னார். கேட்டவர்கள் பருப்பைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. உண்மை என்றபடியால்தான் சனம் ஆமோதிக்கிறது என்று அவர் நினைத்தார்.

இப்போது ஜூன். இப்போது சுரங்கம்.

பத்து மணிக்கு இழுவை லொறி டெமியோவைப் பழனிசாமியின் வேலைத்தளத்தில் இறக்கியபோது மகேசன் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழனிசாமி கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"வாங்கண்ணா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையில்ல?"

"என்னோடை கதையாதை. மூண்டாம் தரம்! பிள்ளை சாகப் பாத்துது, தெரியுமோ? உனக்கு வேலை தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லு. இண்டைக்கு என்ர கண்ணுக்கு முன்னாலை திற. எங்கை ஓட்டை எண்டு எனக்குக் காட்டு."

பழனிசாமி துணியைத் தோளில் போட்டான். "நெசமாவே பாக்கறீங்களா?" என்று கேட்டான்.

"பாக்கத்தானே வந்தனான்!"

"சரிங்கண்ணா. பாத்துருங்க."

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டினான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி அடிக்க அடிக்க அதிலிருந்த முள் மேலே ஏறியது. பத்து வரை ஏறி நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. காருக்குக் கீழே ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

"குழாயெல்லாம் காஞ்சு கெடக்குது, பாருங்க. தண்ணி பம்பும் காஞ்சுதான் இருக்குது" என்று டார்ச்சை ஒவ்வொரு இடமாக அடித்துக் காட்டினான். அதன் பிறகு முன் கிரிலைக் கழற்றிக் கீழே வைத்தான். "இங்க வாங்க. முன்னாடி இருக்கறது ஏசியோட தட்டு. அது ரேடியேட்டர முழுசா மறைக்காது. ஓரத்துல நாலு விரல் இடம் சும்மா தெரியுது பாருங்க. அங்க பாருங்க."

மகேசன் குனிந்தார். தேசிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறுக்கு. உள்ளே அவர் வளைத்துவிட்ட முனை அந்த நாலு விரல் இடைவெளிக்குள் போய், ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாயில் குத்திக்கொண்டு நின்றது. முனையைச் சுற்றிப் பச்சையாகக் கசிந்திருந்தது.

"இது... இது அதிலை சும்மா முட்டிக்கொண்டு நிக்குது" என்றார் மகேசன். "இதாலை என்ன? ஓட்டை வேறை எங்கையோ."

பழனிசாமி டார்ச்சைக் கீழே வைத்தான். கம்பியைக் குறட்டால் பிடித்து இழுத்தான்.

சர்ரென்று ஒரு நூல் தடிப்பில் தண்ணீர் பாய்ந்து மகேசனின் நெஞ்சை நனைத்தது. அவர் பின்னால் எட்டு வைத்துத் தடுமாறினார். இரண்டு கையாலும் சட்டையைப் பொத்திப் பிடித்தார். தண்ணீர் அவருடைய விரல்களில் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு இடிங்கண்ணா" என்றான் பழனிசாமி தாழ்ந்த குரலில். "ரோட்டு மேட்டுல ஏறுனா ஒரு குத்து, பிரேக் போட்டா ஒரு குத்து. ரெண்டு மாசம் போதும். சூடு ஏறுனப்ப, சுரங்கத்துல, மொத்தமா விட்டுருச்சு."

மகேசன் தன் கைகளைப் பார்த்தார். பெப்ரவரியில் கட்டியது யார்? ஏப்ரலில் கட்டியது யார்? முன்பைவிட இறுக்கமாகக் கட்டியது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஆனாலும் மனம் விடவில்லை. பாம்பைக் கண்டவன் கம்பைத் தேடுகிற மாதிரி ஒரு சொல்லைத் தேடினார். "இது ஒரு கார்... தற்செயல். இதுவரைக்கும் வேறை ஒருத்தருக்கும் இப்பிடி நடக்கேல்லையே! எத்தினை காருக்குக் கட்டியிருக்கிறன்!"

பழனிசாமி தலையைச் சொறிந்தான். உள்ளே போனான். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு திரும்பி வந்து, அதை மேசையில் கவிழ்த்தான்.

கம்பிகள். இருபதுக்கு மேல் இருக்கும். துருப்பிடித்ததும், பளபளவென்றதும், காய்ந்த மிளகாய்த் துண்டு ஒட்டியதும். ஒவ்வொன்றிலும் மூன்று முறுக்கும் ஒரு வளைவும். தன் கையெழுத்தை ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா?

"எல்லாமே ஓட்டை போட்டதில்லீங்க. பாதிக்கு மேல சும்மா உரசிட்டு இருந்துச்சு, அதுக்குள்ள எடுத்துட்டேன். இது பிரதாபன் சாரோட வேன்ல எடுத்தது. அவருதான் மொதல்ல சொன்னாரு. 'அந்த மனுசனிட்டைச் சொல்லிப்போடாதை தம்பி, அவர் உடைஞ்சுபோவார்' அப்படின்னாரு. அப்புறம் வந்தவங்க எல்லாம் அதையேதான் சொன்னாங்க. வெளியே பட்டில கட்டிக் குடுத்துருவேன். நீங்க தூரத்துல பாத்தாத் தெரியாது. கோயிலுக்கு வர்றப்ப மட்டும் எலுமிச்சம்பழத்த மாட்டிக்கறவங்களும் இருக்காங்க."

மகேசன் மேசையைப் பிடித்துக்கொண்டார். கோயில் சாப்பாட்டு வரிசையில் பருப்பைப் பார்த்தபடி தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஐயோ! அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆமாம் போட்டார்கள்.

"நான் உன்னைக் கள்ளன் எண்டு சொன்னனான்" என்றார்.

"காதுக்கு வந்துச்சுங்க."

"அப்பவும் வாய் திறக்கேல்லையே நீ!"

"திறந்திருக்கோணும்" என்றான் பழனிசாமி. அவனுடைய குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நிலானி நாலு வீடு தள்ளி இருக்குது. நீங்க தினம் கிட்டப் போய் பாத்துப் பாத்து மாத்திக் கட்டறீங்க. அந்தப் பொண்ணுகிட்ட அன்னைக்கே உள்ளதைச் சொல்லியிருக்கோணும். கல்லு அடிச்சுதுன்னு பொய் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? இப்பவும் நீங்க கேட்டா, கல்லுன்னே சொல்லிரலாம். கம்பிய தூக்கிப் போட்டுரலாம். உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! கல் என்று சொன்னால் கையின் பெயர் தப்பிவிடும். பதினைந்து வருடம் கட்டிக் காத்த கை. இல்லையென்றால் கிணற்றுக்குள் கிடந்த உழவு இயந்திரமும், நகர்த்தி வைத்த நிறைகுடமும் திரும்ப வரும். மகேசன் அந்த நனைந்த கம்பியைக் குறட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். நடந்தே வீட்டுக்குப் போனார். நெஞ்சில் சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு முற்றத்தில் அவருடைய பழைய கொரோலா நின்றது. மற்றவர்களின் கார் இருக்கட்டும், முதலில் தன்னுடையதை வெட்டிவிட வேண்டும் என்று அதற்கு முன்னால் முழங்காலில் இருந்தார். சனத்துக்குக் கம்பியால் கட்டத் தொடங்கிய காலத்திலேயே தன் காருக்கும் கம்பி கட்டியிருந்தார். காய் மட்டும் வருடா வருடம் மாறும். அதையும் புஷ்பவதிதான் மாற்றுவாள், ஊர்க் காரெல்லாம் பார்க்கிறவருக்குத் தன் காரைப் பார்க்க நேரமில்லை. குறட்டை உள்ளே விட்டுத் துழாவினார். கம்பி அகப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

கறுப்பு நூல். நாலு மடிப்பாக முறுக்கி, கிரிலுக்கு வெளியே கட்டியிருந்தது. புஷ்பவதி சேலைக்கு ஃபோல்ஸ் தைக்கிற நூல்.

அவர் எழும்பவில்லை. பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. புஷ்பவதி படியில் நின்றாள். அவருடைய கையிலிருந்த குறட்டையும் நனைந்த சட்டையையும் பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?" என்று கேட்டார் மகேசன், திரும்பாமல்.

"ஏழு வருசம். கார்ப் பரிசோதனைக்கு, வோஃப் எடுக்க, நான் கொண்டுபோன இடத்திலை பழனிசாமி காட்டினவன். மழைக்கு நூல் உக்கிப்போகும் எண்டு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா மாத்திறனான். நீங்கள் குளிக்கிற நேரம்."

"ஏழு வருசம்! என்னோடை ஒரே வீட்டிலை இருந்துகொண்டு!"

"வேறை என்னப்பா செய்யிறது?" புஷ்பவதியின் குரல் உடைந்தது. "அண்டைக்கு நீங்கள் பைப்பைத் திறந்துபோட்டு அழுதனியள். நான் வெளியிலை நிண்டனான். அந்த ஒரு சந்தோசத்தையும் நான் எப்பிடிப் பறிக்கிறது?"

மகேசன் மெல்லத் திரும்பினார். "சரி. எனக்குச் சொல்லேல்லை. நிலானிக்கு ஏன் நீர் சொல்லேல்லை?"

புஷ்பவதி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவள் வந்து உங்களிட்டைக் கேட்டுப்போடுவாள் எண்டு பயம்" என்றாள். "இப்பிடி வருமெண்டு... கடவுளே, நான் இப்பிடி நினைக்கேல்லை." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளைத் திட்ட மகேசனுக்கு வாய் வரவில்லை. எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு, "வாரும், போவம்" என்றார்.

நிலானி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சிந்து சோஃபாவில் நித்திரை. கதவைத் திறந்ததுமே நிலானி, "மாமா, நானே உங்களைக் கூப்பிட இருந்தனான்" என்றாள். முகம் வீங்கியிருந்தது. மேசையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு தேசிக்காயும் ஏழு பச்சை மிளகாயும்.

"கார் வந்தவுடனை கட்டவேணும் மாமா. நீங்கள் கட்டினதாலைதான் இண்டைக்கு லொறி கண்ணாடியோடை போச்சுது. இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் இல்லை. இந்த முறை இன்னும் இறுக்கிக் கட்டுங்கோ."

கேட்டீர்களா? அவள் தானாகவே வழி காட்டிவிட்டாள். ஓம் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைராசி முன்னைவிட உயர்ந்து நிற்கும். மகேசன் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்துத் தேசிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"கல் இல்லை பிள்ளை. இதுதான் குத்தினது. மூண்டு தரமும் இதுதான். நான்தான்."

நிலானி கம்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விளங்காதவள் போலச் சிரிக்கப் பார்த்தாள். அவர் முதலிலிருந்து சொன்னார்: நெஞ்சில் பாய்ந்த தண்ணீர், ஐஸ்கிரீம் டப்பா, பிரதாபன், பிளாஸ்டிக் பட்டி, கறுப்பு நூல். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுடைய முகம் வெளிறிக்கொண்டே போனது. மெல்லக் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

"ஓம்."

"மாமிக்கும்?"

புஷ்பவதி தலையைக் குனிந்தாள்.

"எல்லாரும் கழட்டிப்போட்டினம். நம்பி விட்டுவைச்சது நான் ஒருத்திதான்." நிலானி உரத்துக் கதைக்கவில்லை, பிள்ளை எழும்பிவிடும் என்று. "எல்லாரும் மாமாவின்ர மனத்தைப் பாத்தவை. நல்லது. சுரங்கத்துக்குள்ளை நானும் என்ர பிள்ளையும் நிண்டம்."

மகேசன் தொலைபேசியை எடுத்து, கோயில் சனத்தின் செய்திக் குழுவைத் திறந்து, அவள் முன்னாலேயே குரல் பதிவை அழுத்தினார்.

"நான் மகேசன் கதைக்கிறன். நிலானியின்ர கார் பழுதானது பழனிசாமியாலை இல்லை. நான் கட்டின கம்பி ரேடியேட்டரைக் குத்தினது. கள்ளன் எண்டு நான் கோயிலிலை சொன்னது பொய். அந்தப் பெடியனிட்டை மன்னிப்புக் கேக்கிறன். என்ர கம்பி இன்னும் ஆரின்ர காரிலையாவது இருந்தால் இண்டைக்கே வெட்டி எறியுங்கோ. எனக்குக் கைராசியும் இல்லை, ஒண்டும் இல்லை. இனி ஒருத்தரும் எனக்காகத் தேசிக்காயைத் தொங்கவிட வேண்டாம்."

அனுப்பினார். பார்த்துவிட்டார்கள் என்கிற குறிகள் ஒவ்வொன்றாக நீலமாகின. போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி" என்றாள் நிலானி, சுவரைப் பார்த்தபடி.

"ஆறேகாலுக்கு வாறன் பிள்ளை. கார் சரிவரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் வாறன்."

அவள் எழும்பி, தட்டோடு தேசிக்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கத்தி பலகையில் ஒருமுறை விழுந்த சத்தம் கேட்டது. கரண்டி கிளாஸில் முட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு கிளாஸில் தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து, ஒன்றைப் புஷ்பவதிக்கு முன்னால் வைத்தாள், மற்றதை அவருக்கு நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மகேசன் வாங்கிக் குடித்தார். சீனி போட்டிருக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை, மிச்சம் வைக்கவும் இல்லை.